இடது மூலைக் கீறல்

"வேலை வாங்கிக் குடுத்த மாமாவோட படத்தையே காப்பி அடிச்சிட்டியேப்பா. வெட்கமா இல்ல?"

எங்கள் ஆய்வக இயக்குநர் என் மச்சினனைத்தான் கேட்டார். சுருக்கென்றது எனக்கு.

மேசையில் இரண்டு மைக்ரோஸ்கோப் படங்கள். இரண்டிலும் படிகத்தின் முகத்தில் விரல் ரேகை மாதிரி ஒரு சுழல். அவனுடையது இடப்பக்கம் சுற்றியது, என்னுடையது வலப்பக்கம். மற்றபடி அச்சு அசல்.

பழுதில்லாத படிகம் லேசில் வளராது. புதிய அடுக்கு தொற்றிக்கொள்ள விளிம்பு வேண்டுமே! அணு வரிசை ஓரிடத்தில் திருகிக்கொண்டு ஒரு படி எழும்பினால், வருகிற அணுக்களெல்லாம் அந்தப் படியில் ஒட்டும். படி சுற்றிச் சுற்றி ஏறும், தீரவே தீராது. எங்கள் கரைசலில் அந்தச் சுழலை முதலில் காட்டுபவருக்கே குழுத் தலைமை.

பதினோரு வாரமாக என் தொட்டியில் வளர்ந்ததெல்லாம் சுழலே இல்லாத மொழுக்கட்டை. திங்கள்கிழமை மச்சினன் சாப்பிடப் போன நேரம், அவன் கணினியிலிருந்த படத்தை எடுத்தேன். இடம் வலமாகத் திருப்பினேன். அவனை முந்திக்கொண்டு அனுப்பினேன். சுழல் எந்தப் பக்கமும் சுற்றலாம், யாருக்குச் சந்தேகம் வரும்?

"முதல்ல வந்தது மாமா படம். ராஜினாமா எழுதிடுப்பா."

மச்சினன் என் படத்தைக் கையில் எடுத்தான். அவன் பார்வை மேல் மூலையில் நின்றது.

அப்போதுதான் நானும் அதைக் கவனித்தேன்.

எங்கள் லேபில் இருப்பது ஒரே மைக்ரோஸ்கோப். அதன் லென்ஸில் ஒரு கீறல். எந்தப் படம் எடுத்தாலும் இடது மேல் மூலையில் ஆஜராகிவிடும். என் படத்தில் அது வலது மூலையில் இருந்தது.

அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு கட்டைவிரலால் அந்தக் கீறலை மூடினான்.

"எழுதிடறேன் சார்."

என் பக்கம் குனிந்தான். "நானா விட்டுட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க மாமா."

கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவன் விரலை விலக்கினேன். "சார், நம்ம லென்ஸ்ல கீறல் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். வாட்ச்மேனைக் கேட்டாக்கூட சொல்வாரு. ஏன்?"

"என் படத்தைப் பாருங்க."

பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ராஜினாமாவுக்கு வைத்திருந்த வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

சட்டைப்பையைத் தடவினேன். பேனா இல்லை.

மச்சினன்தான் நீட்டினான், என் முகத்தைப் பார்க்காமல்.