வெளியே உட்காரும் உறுப்பினர்

சலூன்காரர் தன் கடை வாசல் மரத்தின் நிழலில் பத்தொன்பது வருடமாகப் பிழைத்துவந்தார். ஆனால் மரத்தின் மறுபக்கத்தை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கடைப் பக்கம் தெரிகிற பாதிதான் அவருக்கு மரம். தெருப் பக்கத்துப் பாதியில் யாரோ ஒரு காகிதத்தை ஆணியடித்துவிட்டுப் போய், அது வெயிலில் வெளுத்து, மழையில் ஊறி, ஓரம் சுருண்டு, பதினோரு மாதமாகத் தொங்கியிருக்கிறது. மனிதருக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை, முறைக்காகக் காத்திருந்த ஒருவர் சும்மா இருக்க முடியாமல் மரத்தைச் சுற்றிவந்து அதைச் சத்தமாகப் படித்தார்.

“இம்மரத்தின் வேர் நடைபாதையைத் தூக்குவதால், மரத்தை அகற்றக் கோரும் மனு நகராட்சி மரக்குழுவின் அடுத்த கூட்டத்தில் விசாரிக்கப்படும்.”

சலூன்காரர் கையில் சீப்போடு வெளியே ஓடிவந்து தானும் ஒருமுறை படித்தார். அவர் கடையில் இரண்டு நாற்காலிகள், ஒரு கண்ணாடி, அவர் நிற்க இடம், அவ்வளவுதான். காத்திருக்கிறவர்கள் எல்லாம் மரத்தடி பெஞ்சில்தான். மரம் போனால் உச்சி வெயிலில் எவன் காத்திருப்பான்? எதிர்ப்பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட ஏசி சலூன் வந்து ஒரு வருடம் ஆகிறது. ரோட்டைக் குறுக்கே கடக்க எத்தனை நேரம் ஆகிவிடும்? மரத்தை வெட்டினால் கடையையும் சேர்த்து வெட்டின மாதிரிதான்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவியிடம் சொன்னார். அவள் தூக்கைக் கீழே வைப்பதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டாள்.

“நகராட்சித் தலைவர் வாராவாரம் உங்ககிட்டதானே ஷேவ் பண்ணிக்கிறார்? கத்தி கழுத்துல இருக்கும்போது கேட்டா, முடியாதுன்னா சொல்லப்போறார்?”

“அது தப்பும்மா. கத்தி கையில இருக்கும்போது யார்கிட்டயும் எதுவும் கேக்கக்கூடாது.”

“அப்ப கத்தியைக் கீழ வச்சிட்டுக் கேளுங்க.”

“கத்தியை வச்சதும் அவர் எந்திரிச்சுப் போயிடுறாரே.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அவர் நகராட்சி அலுவலகத்துக்கே போனார். மாடிப்படி ஓரத்து அறிவிப்புப் பலகையில் இன்னொரு காகிதம் தொங்கியது. மரக்குழுவில் ஐந்தில் மூன்று இடங்கள் காலி, ஆர்வமுள்ள குடிமக்கள் விண்ணப்பிக்கலாம். அவருக்கு மண்டைக்குள் விளக்கெரிந்தது. குழுவின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பானேன்? குழுவிலேயே உட்கார்ந்துவிட்டால்? படிவத்தில் ‘மரங்கள் குறித்த அனுபவம்’ என்ற இடத்தில், ‘பத்தொன்பது வருடம், ஒரே மரத்தின் கீழ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நகராட்சியில் இந்த நியமனங்கள் நடக்கிற அழகு இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும். கல்லறைக் குழு, நூலகக் குழு, கொசு ஒழிப்புக் குழு, மரக்குழு, எல்லாம் ஒரே பட்டியல். தலைவர் ஒரே மூச்சில் படிப்பார். கவுன்சிலர்கள் ஒரு கையால் போனைப் பார்த்துக்கொண்டே மறு கையைத் தூக்குவார்கள். கல்லறைக்கு யார், கொசுவுக்கு யார் என்று எவருக்கும் தெரியாது. சலூன்காரர் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, தும்மி முடிக்கிற நேரத்தில் உறுப்பினர் ஆகிவிட்டார். மூன்று இடத்துக்கும் சேர்த்து விண்ணப்பித்தவர் அவர் ஒருவர்தானாம்.

உறுதிமொழிப் படிவத்தை நீட்டியவர் குழுவின் செயலர் அம்மா. கைப்பையில் எப்போதும் விதிப்புத்தகம் வைத்திருப்பவர், அதில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சொல்லக்கூடியவர்.

“நல்லவேளை வந்தீங்க சார். பதினோரு மாசமா கூட்டமே நடக்கல.”

“ஏன் மேடம்?”

“குறைஞ்சது மூணு பேர் இருந்தாத்தான் கூட்டம். ரெண்டு பேர்தான் இருந்தாங்க. உங்களாலதான் இப்ப மூணு. அடுத்த வாரமே கூட்டிடலாம். முதல் பொருள், பதினோரு மாசமாக் கிடக்கிற உங்க தெரு மரம்.”

 சலூன்காரரின் பேனா கையிலேயே நின்றது. ஆனால் கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்று.

மனைவி கேட்டுவிட்டுக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். 

“அந்தக் காகிதம் பாட்டுக்குத் தொங்கிட்டுக் கெடந்துச்சு,” என்றாள். “நடக்காத கூட்டத்தை நீங்களே போய் நடத்தி வைக்கிறீங்க. உங்களை மாதிரி ஒரு சமத்து இந்த ஊர்லயே கிடையாது.”

“ஒரு ஓட்டு என்கிட்ட இருக்குல்ல. பேசி ஜெயிச்சிடுவேன்.”

ஒரு வாரம் கண்ணாடியைப் பார்த்துப் பேச்சு பழகினார். இரண்டு பக்கப் பேச்சு. நாற்காலியில் உட்கார்ந்தவர்களெல்லாம் முடி வெட்டிக்கொள்ள வந்து மரத்தின் அருமையும் கேட்டுப் போனார்கள். ஓட்டுக் கணக்கு இதுதான்: குழுத் தலைவியான ஓய்வுபெற்ற டீச்சர் மரத்தின் பக்கம். மருந்துக்கடைக்காரர் வெட்டும் பக்கம், இலை விழுந்து அவர் கடைச் சாக்கடை அடைக்கிறதாம். ஆக, மூன்றாவது ஓட்டு வைத்ததுதான் சட்டம்.

கூட்டத்தில் முதல் பொருளைப் படித்ததும் சலூன்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். செயலர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“விதி ஏழு சார். பொருள் சம்பந்தப்பட்ட இடத்திலேர்ந்து அம்பது அடிக்குள்ள உறுப்பினருக்கு வீடோ கடையோ இருந்தா, அவர் பேசக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது, அறையிலயே இருக்கக்கூடாது. வெளிய பெஞ்ச் இருக்கு.”

அவர் திருதிருவென்று விழித்தார். டீச்சர் பரிதாபமாகப் பார்த்தார், மருந்துக்கடைக்காரர் பார்க்காத மாதிரி இருந்தார். இரண்டு பக்கப் பேச்சை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சலூன்காரர் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்கும்போது அவருக்கு அழுகையே வந்தது. பத்தொன்பது வருட மரத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமே.

நாலே நிமிடத்தில் கதவு திறந்தது.

“உள்ள வாங்க சார். ஒத்திவச்சாச்சு.”

“ஒத்திவச்சாச்சா? ஏன்?”

“நீங்க வெளிய போனதும் உள்ள ரெண்டு பேர்தானே? ரெண்டு பேர் முடிவெடுக்க முடியாது.”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போய், பூங்கா பெஞ்சுக்குப் பச்சை வண்ணமா பழுப்பு வண்ணமா என்ற அடுத்த பொருளுக்குப் பச்சை என்று கை தூக்கிவிட்டு, வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

அடுத்த மாதமும் போனார், வெளியே உட்கார்ந்தார், ஒத்திவைத்தார்கள். அதற்கடுத்த மாதமும். பெஞ்சில் பொழுது போகச் செயலர் அம்மாவிடம் விதிப்புத்தகம் இரவல் வாங்கிப் படித்தார். அந்த ஊரிலேயே அதை முழுதாகப் படித்த இரண்டாவது ஆள் அவர்தான்.

நல்ல காலம் நாலு மாதம் ஓடியது. பிறகு ஒரு காலை, முகம் முழுக்க நுரையோடு நகராட்சித் தலைவர் பேச்சுவாக்கில் சொன்னார்: “உங்க மரக்குழுவுக்கு இன்னொரு ஆள் கிடைச்சாச்சு. எதிர்க்கடை ஏசி சலூன் தம்பிதான்.”

கத்தி அந்தரத்தில் நின்றது. மனு கொடுத்ததே ஏசி சலூன்காரன்தான். மரம் அவன் கடையின் பெயர்ப் பலகையை மறைக்கிறது, வேர் என்பதெல்லாம் சாக்கு. இனி சலூன்காரர் வெளியே போனாலும் உள்ளே மூன்று பேர். சலூன்காரர் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

“தலைவரே, அந்தப் பேரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா?”

பாதிக் கன்னத்தில் நுரையோடு தலைவர் யோசித்தார். “நேத்தே எல்லாரும் கையைத் தூக்கியாச்சே. எனக்கே இன்னிக்குக் காலைல பட்டியலைப் பார்த்துதான் தெரியும்.”

இவரிடம் கேட்டு என்ன பயன் என்று சலூன்காரர் கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானமே செயலர் அம்மாவைப் பார்த்து, “விதி ஏழு அவருக்கும் உண்டுதானே?” என்று கேட்டார். உண்டுதான். ஆனால் ஏசி சலூன்காரன் கெட்டிக்காரன். ‘மரத்திலிருந்து என் கடை வாசல் ஐம்பத்து மூன்று அடி’ என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தான்.

“எழுதினா ஆச்சா? நான் அளக்கணும்,” என்றார் செயலர் அம்மா.

மறுநாள் டேப்போடு வந்தார். இரண்டு கடை வாடிக்கையாளர்களும் கழுத்தில் துணியோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் வெட்டாத தலைகள் நாலைந்து. சலூன்காரரின் மனைவி சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். டேப் மரத்தடியிலிருந்து ரோட்டைக் கடந்து கண்ணாடிக் கதவுக்குப் போனது. ஐம்பத்து மூன்று அடி, ஒரு அங்குலம். ஏசி சலூன்காரன் சிரித்தான். சலூன்காரர் மரத்தைப் பிடித்துக்கொண்டார்.

செயலர் அம்மா டேப்பைச் சுருட்டவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மரம் மறைக்கிறதே என்று போன மாதம்தான் அவன் தன் கடைப் பலகையை இரும்புக் கம்பி கொடுத்து ரோட்டுப் பக்கமாக நீட்டி மாட்டியிருந்தான்.

“கட்டடத்தோட சேர்ந்த எந்தப் பகுதி முன்னால இருக்கோ, அதிலேர்ந்துதான் கணக்கு,” என்றார். கைப்பையிலிருந்து நூலை எடுத்து, நுனியில் வீட்டுச் சாவியைக் கட்டி, ஏசி சலூன் நாற்காலி மேலேயே ஏறி நின்று, பலகை ஓரத்திலிருந்து தொங்கவிட்டார். சாவி தரையைத் தொட்ட இடத்திலிருந்து டேப் மரத்துக்குத் திரும்பி வந்தது.

“நாப்பத்தொன்பது அடி, ரெண்டு அங்குலம்.”

“பலகையைக் கழட்டிடறேன் மேடம். இப்பவே.”

“நியமன நாள்ல எங்க இருந்துச்சோ, அதுதான் கணக்கு.”

சலூன்காரரின் மனைவி அப்போதுதான் மூச்சு விட்டாள். “பலகை தெரியணும்னு மரத்தை வெட்டணுமாம், மரத்தை வெட்டணும்னு பலகையைக் கழட்டுவாராம். நல்லா இருக்கு தம்பி உங்க கணக்கு,” என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு பேரும் வெளியே அனுப்பப்பட்டார்கள். ஒரே பெஞ்சு. ஏசி சலூன்காரன் ஒரு கோடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான். அதுதான் வினையாகப் போயிற்று. அவன் பின்கழுத்து சலூன்காரரின் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. சகிக்கவில்லை. இடது பக்கம் ஒரு படி, வலது பக்கம் ஒரு படி.

“யார் தம்பி வெட்டிவிட்டது?”

“என் கடைப் பசங்கதான்.” கழுத்தைத் தடவிக்கொண்டே, “முதலாளி தலைன்னா கை நடுங்குதுண்ணே அவனுங்களுக்கு. எனக்கு யார் ஒழுங்கா வெட்டிவிடுறா?” என்றான்.

சலூன்காரருக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அவர் தலையையும் அவரேதான் குத்துமதிப்பாக வெட்டிக்கொள்கிறார். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சின்னக் கத்தரியும் சீப்பும் வெளியே வந்தன. பழகிப் பழகிச் சொல்லாமலே போன இரண்டு பக்கப் பேச்சை விரித்து அவன் தோளில் போட்டார்.

“குனி. பலகையை மறைக்கிறது அந்தத் தெற்குக் கிளை ஒண்ணுதான். மணிக்கட்டுத் தடிமனுக்கு மேல போகாத கிளையைக் கழிக்க யார் அனுமதியும் வேண்டாம். விதி பன்னெண்டு. நாளைக்குக் காலைல நானே கழிச்சுத் தர்றேன். ஆடாத.”

அவன் ஆடவில்லை. “இதை முன்னாடியே சொல்லியிருந்தா மனுவே கொடுத்திருக்க மாட்டேனேண்ணே,” என்றான், தாடை நெஞ்சில் முட்ட.

மறுநாள் கிளை கழிந்தது, பலகை பளிச்சென்று தெரிந்தது. அவன் மனுவை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தான். சலூன்காரர் வீட்டில் அன்று மனைவி பல நாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த கூட்டத்தில் செயலர் அம்மா முதல் பொருளைப் படித்தார். “தெரு மரம். மனுவை வாபஸ் பெறுவதைக் குழு ஏற்றுக்கொள்வது.” பிறகு கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். “விதி ஏழு. ரெண்டு பேரும் வெளிய போங்க.”

“வாபஸுக்குமா மேடம்?”

“அதே மரம்தானே?”

உள்ளே டீச்சரும் மருந்துக்கடைக்காரரும் இரண்டே பேர். நாலு நிமிடத்தில் ஒத்திவைத்தார்கள். அடுத்த மாதமும் ஒத்திவைத்தார்கள். உறுப்பினர் பதவி மூன்று வருடம், மரக்குழுவுக்கு வேறு எவரும் விண்ணப்பிக்கிற பாடில்லை. வெட்ட வேண்டும் என்று கேட்ட மனுவும் தீரவில்லை, வேண்டாம் என்று கொடுத்த வாபஸும் தீரவில்லை.

இப்போதெல்லாம் கூட்ட நாள் காலையில் மனைவி தானாகவே வெள்ளைத் துணியையும் பெரிய கத்தரியையும் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறாள். ஒரு மாதம் இவர் அவனுக்கு வெட்டுவார், மறு மாதம் அவன் இவருக்கு. மரத்தின் பொருள் எப்போதுமே முதலில் வருவதால், இருவரும் மீதிக் கூட்டத்துக்குத் தலை சீவிக்கொண்டு உள்ளே போகிறார்கள். நாலு நிமிடம் போதவில்லை, அதை ஆறாக்க முடியுமா என்று சலூன்காரர் போன மாதம் செயலர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.