மச்சானுக்கு ஐந்து டிகிரி

என் மச்சான் குளிர்காலம் முழுவதும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் தூங்குவார். இதைச் சொன்னால் எதிரே இருப்பவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்கிறார்கள். அவர் ஆமை என்று சொன்ன பிறகும் சிலர் முன்னால் வருவதில்லை.

என் மனைவி பிறந்த வாரம் என் மாமனார் அவரை வாங்கி வந்தார். இரண்டு பேரையும் ஒன்றாகவே வளர்த்தார். கல்யாணத்தன்று பெட்டி படுக்கையோடு அவரும் வந்து இறங்கினார். மனைவியின் கூடப்பிறந்தவர்போல இருப்பவரை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? மச்சான் என்றேன். இன்றுவரை கடன் கேட்டதில்லை, என் சமையலைக் குறை சொன்னதில்லை. இப்படி ஒரு மச்சான் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவர் முதன்முதலாக ஃப்ரிட்ஜுக்குப் போன வருடக் குளிரைப் பற்றி நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. பால்காரர் பாலை ஊற்றவில்லை, ரம்பத்தால் அறுத்துக் கொடுத்தார். கீழ்வீட்டு டாக்சிக்காரரின் கார் கொட்டாவி விட்டுவிட்டுத்தான் கிளம்பும். தெருநாய் குரைக்க வாயைத் திறக்கும், யோசிக்கும், மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

மனைவிக்கு முட்டிவலி. அதனால் வீட்டில் ஹீட்டர் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். அந்த அரைகுறைச் சூட்டில் மச்சான் தூங்கவும் இல்லை, விழிக்கவும் இல்லை. கீரையை முகர்ந்து பார்ப்பார், தலையை உள்ளே இழுத்துக்கொள்வார். மிருக டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம்.

"முழுசா சூட்டுல வைங்க, இல்லேன்னா முழுசா குளிர்ல வைங்க, குளிர்காலம் முடியற வரைக்கும் தூங்கிடும். நடுவுல வெச்சா சாப்பிடாம தேஞ்சே போயிடும்" என்றார்.

சூட்டில் வைக்கத் தனி விளக்குகள் வேண்டும். எங்கள் வீட்டு மின்சாரமோ ஹீட்டரைச் சுமக்கவே மூச்சு வாங்குகிற ஜாதி. குளிர் என்றால் பால்கனியில் விறைத்துவிடுவார். ஐந்து டிகிரி, கொஞ்சம் முன்னே பின்னே, அதுதான் கணக்கு. "ஃப்ரிட்ஜ்ல வைங்க. நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க" என்றார் டாக்டரம்மா.

"கூடப்பிறந்தவனைக் கத்தரிக்காய் பக்கத்துல படுக்க வைக்கணுமா?" என்று மனைவி வழியெல்லாம் அழுதாள். கத்தரிக்காயைக் காலி செய்தோம். ஃப்ரிட்ஜ் மச்சானுக்கு, பால்கனி காய்கறிக்கு, ஹீட்டர் மனைவிக்கு. மிச்சமிருந்த வீடு எனக்கு.

தினமும் காலையில் கதவைத் திறந்து, பழைய பேப்பரால் விசிறிக் காற்று மாற்ற வேண்டும். வெப்பமானியைப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை தராசில் வைத்து எடை குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டிலில் இருந்தபடியே மனைவி கேட்பாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"மூச்சு விடறானா?"

"நான் பாக்கறப்ப விடலை. நான் போனப்புறம் விடுவார் போல."

இப்படியே பாதிக் குளிர்காலம் ஓடியது. ஒரு காலை கதவைத் திறந்தால் உள்ளே சுவரெல்லாம் வெள்ளைப் பனி. ஃப்ரிட்ஜுக்குப் புத்தி பிசகி, நிறுத்தத் தெரியாமல் குளிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வெப்பமானி பூஜ்யத்தைத் தொட்டு நின்றது. அதற்குக் கீழே போனால் கண் போய்விடும், அப்புறம் ஆளே போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மனைவி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அவனும் போயிட்டா, எங்க வீட்டு ஆளுன்னு எனக்கு யாருங்க இருக்கா?" என்றாள்.

வெப்பமானியை எடுத்துக்கொண்டு வீடெல்லாம் அலைந்தேன். மாடிப்படியில் கிடைத்தது ஐந்து டிகிரி. ஆனால் மச்சான் படுத்திருந்த பெட்டியை அங்கே அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. படியில் பூனைகள் குடும்பம் நடத்துகின்றன. அதோடு அந்த ஐந்து டிகிரி ஓரிடத்தில் நிற்கிற ஐந்து டிகிரி இல்லை. கீழே தெருக்கதவைத் திறந்தால் குறையும். மாடி வீட்டில் அடுப்பு எரிந்தால் கூடும். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குறைந்தால் ஒரு படி ஏறுவதும் கூடினால் ஒரு படி இறங்குவதுமாக இருந்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் வங்கி வாசலில் காவல்காரனாக உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவன் நான். அந்த அனுபவம் முழுவதும் அன்று ஒரே பகலில் செலவாகிவிட்டது.

டாக்சிக்காரர் உள்ளே வந்தார். "என்ன பெரியவரே, வீட்டம்மா வெளிய தள்ளிட்டாங்களா?"

"முதல்ல கதவைச் சாத்துப்பா. மச்சானுக்கு ரெண்டு டிகிரி குறைஞ்சுடுச்சு."

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூனைபோல நடந்து போனார்.

மத்தியானத்துக்கு மேல் மெக்கானிக் வந்தார். "ஃப்ரிட்ஜ் எங்க இருக்கு?" என்றார்.

கதவருகே நின்ற மனைவி, "கெட்டது உள்ள இருக்கு. இப்போதைக்கு ஓடறது இதோ, படியில உக்காந்திருக்கு" என்றாள்.

அவர் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பாகம் நாளைக்குத்தான் வருமாம். கீழே தெருக்கதவின் கண்ணாடியில் வெளிச்சம் சாய ஆரம்பித்திருந்தது. இருட்டினால் படியும் பூஜ்யம்தான். அதற்கு மேல் ஏறவோ இறங்கவோ என் காலிலும் ஒன்றும் மிச்சமில்லை. மெக்கானிக் போன பிறகு, "இனிமே எந்தப் படிக்குப் போறது?" என்று கேட்டேன்.

மனைவி உள்ளே போனாள். சற்று நேரத்தில் ஹீட்டரின் முனகல் நின்றது.

"உன் முட்டி?" என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

"வலிக்கும். வலிச்சுட்டுப் போகுது. உள்ள கொண்டாங்க."

படுக்கையறை ஜன்னலை விரல்கடை திறந்து வைத்தோம். அறை மெல்ல இறங்கி ஆறுக்கு வந்தது, ஐந்துக்கு வந்தது. ஜன்னலை மூடி இடுக்கில் துணியைத் திணித்தேன். பெட்டியை மேசைமேல் வைத்து, வீட்டிலிருந்த கம்பளி, போர்வை, கோட்டு, மேசைவிரிப்பு எல்லாவற்றையும் எங்கள்மேல் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்தோம்.

அவள்தான் கையை வெளியே நீட்டி, பெட்டியைத் திறந்து, மச்சானின் பின்காலை ஒரு விரலால் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டாள். அரசாங்க ஆபீஸில் மனு நகர்வதுபோல, அந்தக் கால் ஓட்டுக்குள் நகர்ந்தது.

"இருக்கான்" என்றாள்.

அப்புறம் அந்த ஐஸ் விரலைப் போர்வைக்குள் கொண்டுவந்து என் உள்ளங்காலில் வைத்து அழுத்தினாள். நானும் காலை இழுத்துக்கொண்டேன். களைப்பில் மச்சானைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான்.

"இதுவும் இருக்கு. சரி, தள்ளி உக்காருங்க. உங்க சூடு அவன் பக்கம் போகுது."