மரத்தூள் மேட்டு நெருப்பு

மர அறுவை மில் முதலாளிக்கு மருமகனைக் கண்டாலே ஆகாது. மகளைக் கட்டிய நாளிலிருந்து அவன் கண்ணெல்லாம் மில்லின் மேல்தான் என்பது அவர் தீர்ப்பு. மில்லுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல மகள் வீடு. நடுவில் தகரவேலி.

மழை கண்டு வெகுநாளாகியிருந்த வசந்த காலம். புல்லெல்லாம் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. மதியம் மருமகன் வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"மாமா, சாயங்காலம் இடியோட சூறைக்காத்து வருதாம். மழை பேருக்குத்தானாம். இன்னைக்குத் தூள எரிச்சிடாதீங்க."

"எவன் சொன்னான்?"

"வானிலை ஆபீஸ்ல சொல்றாங்க."

"நாக்காலியில உக்காந்துட்டு அவனுக்கு என் வானம் தெரியுதா? என் தூளு, என் தீப்பெட்டி. போய் உன் சோலியப் பாருடா."

"சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அன்றைக்கு எரிக்கிற எண்ணமே மனிதருக்கு இல்லை. அவன் சொன்னதற்காகவே வேலியோரம் குவிந்திருந்த மரத்தூள் மேட்டில் குச்சியைக் கிழித்துப் போட்டார்.

மேற்கே கருத்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாலு வாளித் தண்ணீரை மேலே கொட்டினார். மேடு கருகி அடங்கியது. மரத்தூள் நெருப்பு செத்தது போலக் கிடந்து கழுத்தறுக்கிற ரகம். வயிற்றுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். கிளறிக் கிளறி ஊற்ற வேண்டும். அது அவருக்குத் தெரியாததா? ஆனால் கிளறினால் புகை கிளம்பும். புகையைப் பார்த்தால் அவன் சிரிப்பான். கிளறாமல் விட்டார்.

லாரி மோதியது போல வந்தது காற்று. தகரவேலி காகிதமாய்ப் பறந்தது. மேடு வாயைப் பிளந்து பொறியைக் கக்கியது. பொறி மகள் வீட்டுக் கூரைக்குத் தாவ, ஒரு சுழற்காற்று கொஞ்சத்தைத் திருப்பி மில் கொட்டகை மேலும் எறிந்தது. இடி வாய் கிழியக் கத்தியது. மழையோ நாலு சொட்டுத் துப்பியதோடு சரி. கரண்டும் போய்விட்டது. மோட்டார் ஓடாது. மில்லின் மேல்தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரும் ஒரே ஒரு ரப்பர் குழாயும்தான் கதி.

குழாய் அவர் கையில் இருந்தது.

"மாமா! இங்க அடிங்க! அவ உள்ள இருக்கா!" என்று கத்திக்கொண்டே மருமகன் வீட்டுக்குள் பாய்ந்தான்.

"மெஷினு பத்திக்கும்டா! மொதல்ல மெஷினு!" என்று இவரும் கத்தினார். தண்ணீர் கொட்டகைப் பக்கமே போனது. தொட்டி தீர்ந்தது.

கம்பளியைப் போர்த்தி மகளை வெளியே இழுத்து வந்தான். அவளுக்கு முழங்கையில் மட்டும் காயம். வீடு அரை மணியில் நான்கு கரிச்சுவராயிற்று.

காற்று ஓய்ந்தபின் அவர் அருகே போனார். மகள் இருமிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"மெஷினு நல்லா இருக்காப்பா?"

"ஒண்ணும் ஆகல" என்றார், கேட்ட கேள்விக்குப் பதிலாக. சொன்ன பிறகுதான் அவள் குத்திக் காட்டியது உறைத்தது.

மருமகன் பைக்கை உதைத்தான். அவள் பின்னால் ஏறி அவன் முதுகில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று சொல்லாமலே இருவரும் கிளம்பினார்கள். அவர் காலிக் குழாயைச் சுருட்டத் தொடங்கினார்.