இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மனிதர்

துப்பறியும் தொடரின் பன்னிரண்டாம் பாகத்தில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் விஷம் குடித்து இறந்துபோன உதவியாளர், அந்தப் புத்தகம் வாடகை நூலகத்துக்கு வந்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய ஆள், நல்ல தொப்பை, இரண்டாவது பொத்தான் அறுந்த கோட்டு. நூலகத்தை நடத்திவந்த லைப்ரரியம்மாவுக்கு அவரை அடையாளம் தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை; மூன்றாம் பாகத்தில் அறுந்த அந்தப் பொத்தானை இதுவரை யாரும் தைத்துக் கொடுக்கவில்லை. செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தபோது நாற்காலி முனகவில்லை. அன்றைக்கு அவருக்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்குள்ளும் நாற்பது கோடு போட்ட ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் தன் கருத்தை அதில் ஒரு வரி எழுதியாக வேண்டும். எழுதாதவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அடுத்த புத்தகம் கிடையாது. நாற்பதாவது கோடு மட்டும் லைப்ரரியம்மாவுக்கு. அவள் எழுதிவிட்டால் வழக்கு முடிந்த மாதிரி. பிறகு வருகிறவர்கள் அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுப்பதா வைப்பதா என்று தீர்மானிப்பார்கள். அந்த வரியில் அவள் ஒருநாளும் பொய் எழுதியதில்லை. சொந்தச் சித்தப்பா எழுதிய பயண நூலுக்கு 'போகாமலே எழுதியது' என்று எழுதி வைத்தாள். சித்தப்பாவுக்கு எட்டு வருடமாக அவளோடு பேச்சுவார்த்தை இல்லை.

பன்னிரண்டாம் பாகத்தைப் பற்றி வாசகர்கள் ஒத்துப்போகவே இல்லை. முதலில் படித்த பல் டாக்டர், 'உதவியாளரைக் கொன்றது அநியாயம். இனி இந்தத் தொடரைத் தொட மாட்டேன்' என்று எழுதினார். அந்த வரியின் மை காய்ந்த நேரத்தில்தான் உதவியாளர் தெருவில் நடக்க ஆரம்பித்திருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆறாவதாக எழுதிய தையற்காரர், 'அந்தச் சாவு இல்லாவிட்டால் இது வெறும் கதை' என்றார். உதவியாளரின் மார்புக்குப் பின்னால் இருந்த அகராதிகளின் பெயர்களை அன்று மாலைவரை படிக்க முடிந்தது. அவர் சாகக் கூடாது என்று ஒருவர் எழுதினால் அவருக்கு ஒரு கை நிறையும், நிழல் விழும், இருமல் கேட்கும். செத்தது சரி என்று எழுதினால் கரைவார். கூட்ட நாட்களில் உறுப்பினர்கள் 'கொஞ்சம் மன்னிச்சுக்கோங்க' என்று அவர் தோள் வழியாகக் கைவிட்டே புத்தகம் எடுத்தார்கள். 'எழுத்து ரொம்பப் பொடி' என்று ஒருவர் எழுதியதில் அவருக்குக் கூடுதலும் இல்லை குறைவும் இல்லை, ஜலதோஷம் மட்டும் பிடித்தது. வேறு நூலகங்களில் என்ன நடந்தது என்பதற்குத் தகவல் இல்லை. அங்கெல்லாம் சீட்டு எழுதும் வழக்கம் கிடையாது.

இருப்பது ஒரே பிரதி, இரண்டு நாள் கெடு. ஆகவே முப்பத்தொன்பது பேர் படித்து முடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் உதவியாளர் நூலகத்தின் பின்னறையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே தங்கினார். சும்மா இருக்கப் பிடிக்காமல், திரும்பி வராத புத்தகங்களைத் துப்பறிந்து கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினார். பன்னிரண்டு பாகங்களிலும் தவறான ஆளைச் சந்தேகப்படுவதுதான் அவருடைய வேலை. இங்கும் அதையே பிசகாமல் செய்தார். சமையல் புத்தகத்தைத் திருடியதாக அவர் உறுதியாகச் சொன்ன பெண்மணிக்குச் சமைக்கவே தெரியாது. லைப்ரரியம்மாவுக்கு அவரோடு இருந்தால் சிரிப்பு வந்தது. நாற்பத்தாறு வயதில், இனி வேண்டாம் என்று எடுத்து வைத்துவிட்ட சிரிப்பு அது. மாடியில் அவளோடு குடியிருந்த அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ், ஒருநாள் கீழே இறங்கி வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆளப் பாத்தா நல்லவராத்தான் தெரியுது. ஒரு பக்கம் தெரியல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து மூன்று பேருக்குச் சமைத்தாள். பொத்தானையும் அவளே தைத்துக் கொடுத்தாள்.

முப்பத்தொன்பதாவது வரி எழுதப்பட்டபோது நிலவரம் இப்படி இருந்தது: சாகக் கூடாது என்றவர்கள் பத்தொன்பது பேர், செத்தது சரி என்றவர்கள் பத்தொன்பது பேர், பொடி எழுத்து ஒருவர். உதவியாளரின் வலது பாதி திடமாகவும் இடது பாதி ஈரத் துணி போலவும் இருந்தது. மீதி இருந்தது லைப்ரரியம்மாவின் கோடு. இனி வருகிற வாசகர்கள் அவள் சொன்னதைத்தான் நம்புவார்கள் என்பதால், அந்த ஒரு வரியோடு அவர் இருப்பதும் போவதும் முடிவாகிவிடும். அவள் என்ன நினைக்கிறாள் என்பது அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். புத்தகம் வந்த அன்றே, யாருக்கும் கொடுக்கும் முன்னால், ஒரே மூச்சில் படித்தவள் அவள். துப்பறிவாளருக்கு என்று வைத்த தேநீரை உதவியாளர் குடித்துவிடுகிறார். தொண்டையில் இறங்கும்போதே விஷம் என்று புரிந்துவிடுகிறது. பக்கத்து அறையில் கொலைகாரன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். கோப்பை விழுந்தால் காரியம் முடிந்தது என்று அவன் ஓடிவிடுவான்; துப்பறிவாளர் வந்து பிடிக்கும்வரை அவன் அங்கேயே நிற்கட்டும் என்று அவர் கோப்பையைச் சத்தமே வராமல் தட்டில் வைக்கிறார். அந்த இடத்தில் லைப்ரரியம்மா அழுதாள். இந்தத் தொடரில் இதைவிட நல்லதாக ஒரு பக்கம் இல்லை என்று நினைத்தாள். இப்போது பேனாவை எடுத்து, 'பன்னிரண்டில் இதுவே பலவீனமானது. உதவியாளர் இறந்திருக்க வேண்டியதில்லை' என்று எழுதினாள். எழுதும்போது காது மடல் சுட்டது.

பின்னறையில் நாற்காலி ஒன்று பெரிதாக முனகியது. அடுத்த பதினொரு நாள் அவர் முழு மனிதராக இருந்தார். படியில் தடதடவென்று ஏறினார், தூங்கும்போது குறட்டை விட்டார், அக்கா செய்ததை மூன்றாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மாலையில் லைப்ரரியம்மாவோடு கடைத்தெருவுக்கு நடந்தார். அவள் கையில் இருந்த பையை வாங்கிக்கொண்டார். கடைவாய்ப் பல் வலித்தபோது பல் டாக்டரிடம் போனார். டாக்டர் தன் கருத்தால் முளைத்த பல் என்ற உரிமையில் அதைப் பிடுங்க மனமில்லாமல் அடைத்து அனுப்பினார். லைப்ரரியம்மா அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தாள். கூடவே, வாசலில் சித்தப்பா போவதைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் உதவியாளர் உறுப்பினர் அட்டை போட்டுக்கொண்டு அந்தப் புத்தகத்தை எடுத்தார். அதுவரை அதைப் படிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து காலையில் தொடங்கி மூன்று மணிக்கு முடித்தார். முடித்தவர் எழுந்து வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து வைத்து அதன் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். லைப்ரரியம்மாவுக்குப் பிடித்த பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கும் பழக்கம் உண்டு. திரும்பப் படித்தால் இன்னொரு புள்ளி.

"இதெல்லாம் நீங்க வச்சதா?"

"ஆமா."

"எட்டு இருக்கு."

"எட்டு தடவை படிச்சேன்."

"அப்புறம் ஏன் சீட்டுல அப்படி எழுதினீங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க" என்றாள் அவள்.

வாழ்நாளில் முதல்முறையாகச் சரியான ஆளைப் பிடித்திருந்தார். ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. அலமாரியில் இருந்த முதல் பதினொரு பாகங்களின் சீட்டுகளையும் தான் படித்துவிட்டதாகச் சொன்னார். எல்லாம் துப்பறிவாளரைப் பற்றித்தான். தன்னைப் பற்றி இருந்தது ஒரே வரி, ஐந்தாம் பாகத்தில்: 'உதவியாளர் பேசும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.'

"நான் உருப்படியா செஞ்சது அந்த ஒரு காரியம்தாங்க. கோப்பைய கீழ வச்சது. அதையும் நீங்க தேவையில்லைன்னு எழுதிட்டீங்க."

"மாத்தி எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும். பல்வலி போயிடும்."

இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அக்கா இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். உயிரோடு இருக்கிற மனுஷனுக்குப் பாராட்டு எதற்கு என்பது அக்காவின் கட்சி. லைப்ரரியம்மாவுக்கும் அப்படியே நினைக்க ஆசைதான். ஆனால் சாப்பிடும்போதும், படி இறங்கும்போதும், புத்தகம் அடுக்கும்போதும் அவர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. அவள் மனதுக்குள் அவ்வளவு பெரிதாக இருந்த ஒன்றை, அதைச் செய்தவரிடமே மறைத்து வைத்திருப்பது அவளால் தாங்க முடியவில்லை. அவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்ட அளவுக்கு, அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்றும் ஆசைப்பட்டாள். இரண்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே கோடு.

சனிக்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு, கூட்டம் கலைந்த பிறகு, தன் வரியை அடித்துவிட்டு அதற்கு மேலேயே எழுதினாள்: 'பன்னிரண்டில் இதுவே சிறந்தது. உதவியாளர் கோப்பையை வைக்கும் இடத்துக்கு ஈடாக இந்தத் தொடரில் ஒன்றும் இல்லை.' சீட்டை அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு, கண்ணாடி சரியில்லை என்று ஒரு சாக்குச் சொல்லி, அவளையே வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். குரல் உடைந்த இடத்தில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"என்னைப் பத்தித்தானே?" என்றார்.

"உங்களைப் பத்தித்தான்."

"துப்பறிவாளரைப் பத்தி ஒண்ணும் இல்லையே?"

"ஒரு வார்த்தை இல்ல."

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் செய்தித்தாள் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான்கு மணிக்கு இறந்திருந்தார். புகையாகக் கரைந்து போவார் என்றுதான் லைப்ரரியம்மா எதிர்பார்த்திருந்தாள். ஆனால் இரண்டு வாரம் முழு மனிதராக வாழ்ந்துவிட்டதால் முழு உடல் மிஞ்சியது. அக்கா வந்து நாடி பார்த்து, கண்ணை மூடிவிட்டு, தங்கையைப் பிடித்துக்கொண்டாள். அழைத்துவரப்பட்ட டாக்டர் நூலகத்தின் பழைய உறுப்பினர். சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் விஷம் என்றும், ஆதாரம் என்ற இடத்தில் பாகத்தையும் பக்கத்தையும் குறித்தார். பதிவு அலுவலகத்தில் இருந்தவர், பத்தொன்பதாவது வரியை எழுதியவர், ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை வைத்தார்.

அடக்கத்துக்கு முப்பத்தொன்பது பேரும் வந்தார்கள். பொடி எழுத்துக்காரர் பூதக்கண்ணாடியோடு வந்தார். பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு முன்னால் ஒரு கை கொடுத்தார். பின்னால் தையற்காரர் தோள் கொடுத்தார். கல்லறைக்குப் போகும் நீண்ட சாலையில் இரண்டு கட்சியும் சாவு சரியா தவறா என்று மறுபடி ஆரம்பித்துவிட்டன. சுமப்பவர்கள் தோள் மாற்றிக்கொள்ளும்போதுகூடப் பேச்சு நிற்கவில்லை, யாரும் குரலைத் தாழ்த்தவும் இல்லை. அவரைப் பற்றி இவ்வளவு நேரம் இத்தனை பேர் பேசுவதைக் கேட்டுக்கொண்டே லைப்ரரியம்மா அக்காவின் கையைப் பிடித்தபடி நடந்தாள். கல்லறை வாசலில் பல் டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

"நீங்க சொல்லுங்கம்மா. இவ்வளவு ஆனப்புறமும் அது நல்ல புத்தகம்னுதான் சொல்வீங்களா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மறுபடியும் நனைந்தது. எல்லாரும் நின்று காத்திருந்தார்கள்.

"ரொம்ப நல்ல புத்தகம்" என்றாள்.

டாக்டர் தலையாட்டினார். பிறகு எல்லாருமாக அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.