மென்று தின்னாத முப்பத்தேழு பிள்ளைகள்

1

இந்தக் கதை ஒரு குழந்தை மருத்துவரின் வாசலில் பிறந்தது. சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். என் மகள் மூன்று நாளாக இட்லியைத் தள்ளிவிடுகிறாள் என்றதற்கு ஒரு தாளை நீட்டி நிரப்பச் சொன்னார்கள். ‘உங்கள் குழந்தை சாப்பாட்டில் அடம்பிடிக்கிறதா?’ பத்தொன்பது கேள்விகள். பதினோராவதில் பேனா நின்றது: ‘ஒவ்வொரு வாயையும் நன்றாக மெல்கிறதா?’

இதே தாள் பஞ்சகாலத்தில் பாப்பாரப்பட்டிப் பக்கம் போயிருந்தால்? அவ்வளவுதான் விதை. மீதியெல்லாம் என் பொய்.

2

தொடக்கம் ஒன்று: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. வானம் பொய்த்தது. பூமி பிளந்தது. தாய்மார்களின் கண்ணீர்…’

[வேண்டாம். எத்தனை கதைகளுக்குத்தான் வானம் பொய்க்கும்?]

தொடக்கம் இரண்டு: ‘சுகாதார இன்ஸ்பெக்டர் சவுரியப்பன் சைக்கிளில் வந்தார்.’

இது ஓடும்.

3

அவர் வந்த ஊரில் ஒரு கஞ்சித் தொட்டி இருந்தது. பிள்ளைக்கு ஒரு குவளை, தினம் ஒரு வேளை. கஞ்சி போதவில்லை என்று மணியக்காரர் மாதப்பன் மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் கஞ்சி அனுப்பவில்லை, சவுரியப்பன் கையில் படிவம் அனுப்பியது. அடம்பிடிக்கும் பிள்ளைகள் கஞ்சியை வீணாக்குவார்களாம். அவர்களைக் கண்டுபிடித்துக் கழித்துவிட்டால் மற்றவர்களுக்குப் போதுமாம்.*

சவுரியப்பனை முதலில் கொடுமைக்காரராக எழுதினேன். [அடித்துவிட்டேன். நல்ல மனிதர். தஞ்சாவூர்ப் பக்கம், அரிசிச் சோறு. படிவத்தை முழுசாக நம்புகிறவர், அவ்வளவுதான்.] பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, பத்தொன்பது கேள்விகளையும் உரக்கப் படித்தார். கஞ்சியை மெல்ல முடியாது என்பது பதினோராவதில்தான் அவருக்கு உறைத்தது. கஞ்சிக்கு வைத்திருந்த கேழ்வரகு மாவிலேயே களி கிண்டச் சொன்னார்.

வரிசையில் முதல் ஆள் தீர்த்தன். நாலு வயசு. அவன் அம்மா செல்லிக்குக் கவலையே இல்லை. காத்திருந்த நேரத்தில் படிவத்தின் ஒரு மூலையைத் தின்றவன் அவன். இவனா அடம்பிடிப்பான்?

களியை உருட்டிக் கீரைச்சாற்றில் தொட்டு வாயில் போட்டாள். தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. முடிந்தது.

சவுரியப்பன் கைக்கடிகாரத்திலிருந்து நிமிர்ந்தார். “மெல்லவே இல்லையே.”

“களிய யாருங்க சாமி மெல்லுவாங்க? பல்லுல ஒட்டிக்கும். முழுங்கோணும்.”

“இருபது தடவை மெல்லணும்மா. மெல்லலைன்னா சாப்பாட்டு மேல வெறுப்புன்னு அர்த்தம்.”

“வெறுத்தா ஏனுங்க முழுங்கறான்?”

“சீக்கிரம் தொலையட்டும்னுதான்.”

மாதப்பன் பெருமூச்சு விட்டார். “இந்தப் படிவத்த எழுதனவங்க நம்மூர்ப் பக்கமே வந்ததில்லயாட்டம் இருக்குது.”

அன்று முப்பத்தேழு பிள்ளைகள் முப்பத்தேழு உருண்டைகளை விழுங்கினார்கள். முப்பத்தேழும் அடம். பட்டியல் மேலே போனால் திங்கட்கிழமை முதல் யாருக்கும் கஞ்சி கிடையாது.

[இந்த இடத்தில் செல்லி வீட்டு அடுப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதப் பார்த்தேன். அதில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை.]

செல்லி சட்டியில் மிச்சமிருந்த களியை வழித்து உருட்டினாள். “சாமி, நீங்க ஒண்ணை மென்னு காட்டுங்க. புள்ளைங்க பாத்துக் கத்துக்கட்டும்.”

அறிவு புகட்டச் சொன்னால் எந்த அதிகாரி மறுப்பார்? சப்பணமிட்டு உட்கார்ந்தார். ஒன்று, இரண்டு என்று பிள்ளைகளுக்காக விரலால் எண்ணிக் காட்டினார். ஆறாவதில் மேல்வாயும் கீழ்வாயும் ஒன்றாகிவிட்டன. ஏழாவது விரல் பாதியில் நின்றது.

“முழுங்கீருங்க சார்,” என்றார் மாதப்பன்.

கண்ணில் நீர் வந்ததே தவிர களி இறங்கவில்லை. வேலியோரம் ஓடித் துப்பினார்.

முப்பத்தேழு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். வாய்க்குள் போன சாப்பாடு திரும்பி வருவதை அவர்கள் கண்டதில்லை. தீர்த்தன் எழுந்துபோய் வேலியோரம் குந்தினான்.

“ஆத்தா, இது அவருக்கு வேணாமா?”

செல்லி அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வாயில வெச்சதத் துப்புனா அடம்னுதான சாமி காலையில படிச்சீங்க? உங்க பேரையும் எழுதிக்குங்க. முப்பத்தெட்டு.”

* பஞ்சத்தில் எந்தப் பிள்ளை அடம்பிடிக்கும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். மேலிடத்தில் கேட்க ஆளில்லை.

4

முடிவுகள்.

அ. மனம் உருகிப் படிவத்தைக் கிழிக்கிறார். [நம்பாதீர்கள். படிவம் சர்க்கார் சொத்து.]

ஆ. நேர்மையாகத் தன் பெயரையும் எழுதுகிறார். அடுத்த மாதம் அவருடைய ரேஷன் அரிசி நிற்கிறது. [சிரித்துக்கொண்டே எழுதினேன். தீர்த்தனுக்கு இதில் என்ன கிடைத்தது என்று யோசித்ததும் நிறுத்திவிட்டேன்.]

இ. திங்கட்கிழமை காலை செல்லி குவளையை எடுத்துக்கொண்டு

5

இல்லை. என்னால் முடியவில்லை.

ஆகவே சவுரியப்பன் இன்னும் அந்த வேலியோரமே உட்கார்ந்திருக்கிறார். மடியில் மூலை தின்னப்பட்ட படிவம். பல்லெல்லாம் களி, பேச வராது. மென்றால் கஞ்சி, விழுங்கினால் இல்லை என்ற கட்டத்துக்கு மேல் பென்சில் நிற்கிறது. எழுத அவருக்கும் கை வரவில்லை, எனக்கும் வரவில்லை.

பென்சிலை உங்களிடம் தருகிறேன். எழுதும் முன் செல்லி கையால் ஒரு உருண்டை வாங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். தீர்த்தன் உங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.