தலவாக்கலைக்கு நடந்த கூண்டு

1949ஆம் வருசம் ஆவணி மாதம், இலங்கையில் அக்கரப்பத்தனைப் பக்கத்து மேமலைத் தேயிலைத் தோட்டத்தில், சிவசாமி தன் லயத்து வீட்டுக்குப் பின்னால் பேரி மரத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பழக்கூண்டு மரத்தை விட்டு இரண்டு கஜம் தள்ளி நடந்துபோய் நின்றது. அன்று காற்றும் இல்லை, மழையும் இல்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன சனமெல்லாம் பார்த்துவிட்டு, நேரமாகுதென்று கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறியது.

கூண்டு வந்ததே ஒரு வாக்கினால்தான். முந்தின வருசம் தோட்டத்துச் சனத்துக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று ஆனதிலிருந்து சிவசாமிக்குக் கால் தரிக்கவில்லை. "நம்மள ஆளாவே சேக்கலியே, இனி இங்க என்னாத்துக்கு? தொறையூருக்கே போயிருவோம்" என்று உலை கொதிக்கும் நேரமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். லயத்துக்குள்ளேயே செருப்போடு நடந்தார். கூரை ஒழுகினால், போகப்போற வீட்டுக்கு எதுக்கு ஓட்டையடைக்கணும் என்றார். அவர் மனைவி அம்மாக்கண்ணு இந்த லயத்தில் பிறந்தவள். இந்தியாவில் அந்தத் துறையூர் கிழக்கா மேற்கா என்றுகூடத் தெரியாது. "பேரி மரத்து மொதப் பழம் மாரியம்மனுக்குன்னு நேந்திருக்கேங்க. அது பழுக்கட்டும். படைச்ச மறுநா நானே பொட்டியத் தூக்குறேன்" என்றாள். அந்த மரத்தில் ஒரு காயும் பழுத்ததில்லை. மஞ்சள் தட்டும் முன்னமே கொண்டைக்குருவிகள் கொத்திவிடும். குருவிகளை நம்பித்தான் அவள் வாக்குக் கொடுத்தாள்.

சிவசாமி கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். உடைந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து நாலு காலும் சட்டமும் அடித்தார். கொழுந்து வாட்டிக் கிழிந்துபோன சணல் துணியைச் சுற்றிலும் இழுத்துக் கட்டினார். வேலையை மேய்க்கிற கண்டாக்கையா எறிந்த குடைக்கம்பிகள் கூரையாயின, அடி போன கொழுந்துக் கூடை கதவானது, பழைய செருப்புத் தோல் கீலானது. குருவி மிரளட்டும் என்று பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளைக் கீற்றுக்கீற்றாகத் தொங்கவிட்டார். அடுத்த காம்பிராவில் குடியிருந்த வேலாயி எட்டிப்பார்த்து, "என்னாண்ணே, குருவிக்கு லயம் கட்டுறீங்களா?" என்றாள். "குருவிக்கில்ல, ஒங்க மதினி வாக்குக்கு" என்றார்.

கூண்டு நடந்ததும் காரணத்தைச் சொன்னவளும் வேலாயிதான். "வேற மரமே கெடைக்கலியாண்ணே? பொட்டிப் பலகை கப்பலேறப் பொறந்ததாச்சே, அது எங்க நிக்கும்?"

நிற்கவில்லை. வருசா வருசம் பிஞ்சு பிடித்ததும் கூண்டு கிளம்பியது. சிவசாமி கயிறு போட்டு இழுத்துவந்து மரத்துக்கு மாட்டுவார். மறுவாரமே அது தண்ணி ஓடுகிற கானைத் தாண்டி நிற்கும். கொத்திய காய்களைப் பொறுக்கும்போதெல்லாம் அம்மாக்கண்ணுக்கு நெஞ்சு குளிரும். ராச்சோற்றை அப்படியே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் புருசனைக் கண்டதும் அந்தக் குளிர்ச்சி போய்விடும். இப்படியே போய், 1958இல் அவர் கயிற்றைச் சுருட்டிவைத்தார். கூண்டு தேயிலைக்குள் இறங்கி, மலை மலையாக, தலவாக்கலை ஸ்டேசனைப் பார்த்து நடந்தது. அது போகிற வழியில் கவ்வாத்து வெட்டும்போது இடம் விட்டு வெட்டும்படி துரை உத்தரவு போட்டார்.

மிரள வேண்டிய குருவிகள் ஈயத்தாளில் தங்கள் மூஞ்சியைப் பார்த்துப் பழகி, கூண்டுக்குப் பின்னாலேயே போய்விட்டன. அதனால் 1962இல் ஒரு பேரிக்காய் முழுசாகப் பழுத்தது. அம்மாக்கண்ணு மரத்தடியில் வெகுநேரம் நின்றாள். கடித்துத் தின்றுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? அம்மன் கேட்பாளே. "பழுத்திருச்சுங்க" என்று உள்ளே போய்ச் சொன்னாள். பழத்தைப் படைத்தார்கள். பாஸ்போர்ட்டு முன்னமே கையில் இருந்தது. மறுநாள் சொன்னபடி அவளே பெட்டியைத் தூக்கினாள்; கதவைச் சாத்தும்போது மட்டும் மரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்டேசனில் கூண்டு நின்றது. ரயில் வந்ததும் அது குனிந்து சரக்குப் பெட்டிக்குள் ஏறியது. பலகையில் கப்பலுக்கென்று அடித்திருந்த கறுப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு ரயில் கார்டு கதவை அடைத்தார். படியில் ஒரு காலை வைத்திருந்த சிவசாமி அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்தார். ரயில் போய்விட்டது. குருவிகள் கொஞ்சதூரம் கூடப் பறந்துவிட்டுத் திரும்பின.

"ஏறலையா நீங்க?" என்றாள் அம்மாக்கண்ணு.

"எங்க போறதுக்கு?" என்றார், நிசமாகவே தெரியாதவர் மாதிரி. அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு நேரே ஒழுகுகிற கூரைமேல் ஏறினார்.

இரண்டு வருசம் கழித்து, இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய அவர் அக்கா மகன் அழகுமுத்து வந்து, "தொறையூர்ல ஒங்க கூண்டப் பாத்தேன் மாமா. ஒரு கொய்யா மரத்தச் சுத்தி நிக்குது" என்றான்.

"கீலு செருப்புத் தோலுடா, வெயில்ல வெடிச்சிரும். நெழல்லதான நிக்குது?"

"நெழல்லதான் மாமா."

"அப்ப சரி" என்றார் சிவசாமி. அம்மாக்கண்ணு ஒரு பேரிப் பழத்தை எடுத்து, குருவி கொத்தாத பக்கத்தை வெட்டி அழகுமுத்துக்குக் கொடுத்தாள்.