திரௌபதி தண்ணீர் குடித்த நாள்

மரக்காணம் உப்பளத்து வரப்பில் ஒருநாள் திரௌபதி உப்புக்கூடையோடு கண்ணிருட்டிச் சாய்ந்தாள். மேஸ்திரி பஞ்சநாதன் முதலில் கொட்டிப்போன உப்புக்கு வருத்தப்பட்டான். பிறகு, "முடியலன்னா நாளைலேர்ந்து நின்னுக்கம்மா" என்றான். வேலை போய்விடுமோ என்று அவளுக்கு வயிற்றைக் கலக்கியது. கலக்கி என்ன செய்ய, அந்த வயிறு வாரக்கணக்காக ஒழுங்காக வெளிக்குப் போகவில்லை. உப்பிக்கொண்டு, ஏப்பமாக வந்து, பசியே செத்துப் போயிருந்தது. சோறு இறங்காதவள் எத்தனை கூடை சுமப்பாள்?

வைத்தியத்துக்குக் குறைச்சலில்லை. கடையில் வாங்கின பேதி மாத்திரை ஒருநாள் பிய்த்துக்கொண்டு போகும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள், மருந்து எடுக்கிறவரிடம் போகலாம் என்றாள் நாத்தனார். திரௌபதி அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். போகிற வழியில் சுகாதார நிலையம் இருந்தது, நல்லவேளை.

நர்ஸ் சூர்யகலா வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். ரத்தம் போகிறதா, வாந்தி உண்டா, உடம்பு இளைத்ததா என்று கேட்டாள். எதுவும் இல்லை.

"வேலைக்குப் போனா எவ்ளோ தண்ணி குடிப்ப?"

"குடிக்க மாட்டேன் சிஸ்டர்."

"இந்த வெயில்லயா?"

"குடிச்சா ஒதுங்கணுமே. அங்க செடி ஏது, செவுரு ஏது? சுத்தி ஆம்பளைங்க."

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது என்று சொல்லிவைத்த புண்ணியவான் உப்பளத்தில் வேலை பார்த்த பெண்ணாக இருந்திருக்க முடியாது. திரௌபதி கல்யாணமாகி வந்த நாள் முதல் இரண்டையும் அடக்கிக்கொண்டுதான் கிடந்தாள்.

"உனக்கு யாரும் மருந்து வெக்கலம்மா" என்றாள் சூர்யகலா. "தண்ணி பத்தலன்னா குடல் மலத்துலேர்ந்து உறிஞ்சிக்கும். அது கல்லாட்டம் ஆயிடும். வர்றதையும் நீ அடக்கி வெக்கிற. கீரை, பழம் எல்லாம் சாப்புடு. ஆனா தண்ணி குடிக்காம எதுவும் வேலைக்காவாது."

குடிக்கலாம். குடித்துவிட்டு எங்கே போவது?

மறுநாள் மத்தியானம் கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குவித்த உப்பு நனைந்தால் அத்தனையும் கரைந்து போகும். மூடுவதற்கு வண்டியில் தென்னங்கீற்று வந்து இறங்கியது. "தூக்குங்க, தூக்குங்க" என்று பஞ்சநாதன் பறந்தான். கீற்றைத் தூக்கின திரௌபதி அப்படியே நின்றுவிட்டாள். மனசுக்குள் எதுவோ சுரீர் என்றது.

"மேஸ்திரி, உப்புக்கே கூரை போட்றோம். மொதல்ல எங்களுக்கு ஒரு மறைப்பு கட்டிக்கிறோம். அப்புறம் இத மூடறோம்."

"மழை வர்ற நேரத்துல பேசற பேச்சா இது?"

"ஒதுங்க எடமில்லன்னு தண்ணி குடிக்காம எனக்கு வயிறே அடைச்சிப்போச்சு மேஸ்திரி. வெளிக்கே வரல."

சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் ஆண்கள் நிற்பது உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது. அப்போது பக்கத்தில் நின்ற சுலோசனா தன் கீற்றைக் கீழே போட்டாள்.

"எனக்குந்தான்" என்றாள்.

"எனக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கீற்றுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இத்தனை நாளும் தனக்கு மட்டும் வந்த சாபம் என்று திரௌபதி ஒளித்து வைத்திருந்தது, அந்த வரப்பில் நின்ற அத்தனை பெண்களின் வயிற்றிலும் இருந்தது.

பஞ்சநாதன் வானத்தைப் பார்த்தான். உப்பைப் பார்த்தான். "வேணுங்கிறத எடுத்துக்குங்க, சீக்கிரம்" என்றான்.

அவன் ஆட்களே உப்பளத்து ஓரத்துப் பெரிய கரையில் குழி தோண்டிக் கழி நட்டார்கள். பெண்கள் நாலு பக்கமும் கீற்றைக் கட்டிவிட்டு ஓடிவந்து உப்பையும் மூடினார்கள். தூறல் விழுந்தபோது ஒரு கல் உப்புகூட நனையவில்லை. திரௌபதி பாட்டிலைத் திறந்து, மேஸ்திரி பார்க்கப் பார்க்க, மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அவளுக்கு ராணி மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் தினமும் குடித்தாள். கீரையும் வாழைப்பழமும் தின்றாள். அடுத்த வாரம் ஒருநாள் வேலைக்குத் தாமதமாக வந்தாள். பெண்கள் கூடையை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஏம்மா லேட்டு?" என்றான் பஞ்சநாதன்.

"வெளிக்குப் போயிட்டு வர்றேன் மேஸ்திரி" என்றாள் திரௌபதி, அளம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "நல்லா போச்சு."

பெண்கள் சிரித்த சிரிப்பில் பஞ்சநாதன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றைக்கு மத்தியானம் திரௌபதி தன் சோற்றைத் தின்றுவிட்டு, சுலோசனாவின் தூக்குச்சட்டிக்குள்ளும் கையை விட்டாள்.